தட்டில் இறங்கிய இலைகள்

பட்டாபிராமில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு தொட்டிகள் இருந்தன. கத்தரி, வெண்டை, தக்காளி யாவும் என் மனைவி வளர்த்தவை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின், மூன்று மாதம் அவள் படியேறலாகாது என்றார் மருத்துவர். வீடு திரும்பியதும் அவள் கேட்டது ஒன்றே.

"நான் மேல வர்ற வரிக்கும் செடிங்க சாவாம பாத்துக்குங்க."

ஆவடியில் கனரக வாகன உறுப்புகளைச் சோதித்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். பழுதறிவது எனக்குப் புதிதன்று என்று எண்ணினேன்.

மூன்றாம் வாரம் கத்தரியிலைகளின் ஓரம் கருகலாயிற்று, பூக்கள் உதிர்ந்தன. பூச்சியென்று கருதி வேப்பெண்ணெய் தெளித்தேன். சத்துக்குறைவென்று மண்புழு உரமிட்டேன். பயனில்லை. பின்னர், காலைதோறும் மூன்று இலைகளை எவர்சில்வர் தட்டில் வைத்து அவள் கட்டிலுக்குக் கொண்டுசென்றேன். கண்ணாடி அணிந்து, இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள்.

"பூச்சி இல்ல. ஓரம் மட்டும் தீஞ்சிக்கீது. தண்ணி ஊத்துறீங்களா?"

"ரெண்டு வேளையும் ஊத்துறேனே."

"நாளைக்கு இலை வாணாம். மண்ண எடுத்துக்கினு வாங்க."

மறுநாள் தட்டில் மண் வந்தது. அதன்மேல் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. நுனிநாவில் வைத்த மாத்திரத்தில் துப்பினாள்.

"உப்பு கரிக்குது! இன்னா தண்ணி ஊத்துனீங்க?"

குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் நீர் வீணாகிறதே என்று, அதையே வாளிகளில் பிடித்து மாடிக்குச் சுமந்திருந்தேன். அது சிக்கனமென்ற பெருமிதம் வேறு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"பாத்துக்கச் சொன்னா ஊறுகா போட்டு வச்சிக்கீறீங்களே! உங்கள நம்பி எப்படித்தான் வண்டிய வெளிய அனுப்புனாங்களோ!"

கண்ணில் நீர் வரச் சிரித்தவள், சற்றே அடங்கிக் கேட்டாள். "எத்தினி மிச்சம் கீது?"

"ஒம்போது."

அன்றே சேமித்த மழைநீரை, செடித்தொட்டிகளின் அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஒவ்வொன்றிலும் ஊற்றி உப்பைக் கழுவினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கத்தரிச்செடி துளிர்த்தது. அந்தத் துளிரைப் பறித்துத் தட்டில் வைக்க மனம் இடந்தரவில்லை. தொட்டியையே தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

"அய்யே, இடுப்பு புடிச்சிக்கினா உங்கள யாரு பாக்குறது? கீழ வைங்க மொதல்ல!"

வைத்தேன். துளிரின் அடிப்பக்கத்தை வழக்கம்போல் தடவிப் பார்த்தாள். விரலை எடுக்க நெடுநேரமாயிற்று.

"வாசல் வெயில்ல வைங்க. நான் மேல போற வரிக்கும் இது இங்கயே இருக்கட்டும்."