லண்டனுக்குப் போன என் குளிசைகள்

நானும் என் தங்கை வாசுகியும் தைரொயிட்டுக்குத் தினமும் ஒரே மருந்துக் குளிசைதான் போடுகிறோம். நான் மெல்பனில், மல்கிரேவில். அவள் லண்டனில். பிரெக்சிட் குழப்பத்தின்போது, துறைமுகத்தில் லொறிகள் தேங்கினால் அங்கே மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று டிவியில் சொன்னார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தக் கிழமை தெரிந்த அன்ரி ஒருவர் லண்டன் புறப்பட்டார். போகிறவர்களிடம் எதையாவது கொடுத்துவிடாமல் எங்களால் இருக்க முடியுமா? மிளகாய்த்தூளோடு, சூடு படாமல் ஃபிரிட்ஜில் வைத்திருந்த என் குளிசை முழுவதையும் கட்டிக் கொடுத்தேன். இங்கே நாளைக்கே வாங்கலாம் என்ற நினைப்பு.

மறுநாள் பாமசிக்காரர், "போன கிழமைதானே எல்லாம் வாங்கினீர்கள்?" என்று திகைத்தார். அவசரத்துக்கு மூன்று குளிசை மட்டும் தந்து, டொக்டரிடம் போகச் சொன்னார். டொக்டரைப் பார்க்கும்வரை அந்த மூன்றையும் எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

இதற்கிடையில் வாசுகி எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, பார்சல் வந்தது. எனக்கு இங்க மருந்து ஒழுங்காக் கிடைக்குது. ஃபிரிட்ஜில வைக்கிற குளிசையை மிளகாய்த்தூளோட அனுப்பினா ஆர் போடுறது? அதுசரி, நீங்க இப்ப என்னத்தைப் போடுறீங்கள்?"

மூன்று குளிசைக் கதையைச் சொன்னேன். "தூள் நல்லம்" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் முதலில் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். என் மருந்தையும் தீர முன்பே வாங்கிவிடுகிறேன். லண்டனுக்கு மிளகாய்த்தூள் மட்டும்தான். குளிசை ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்தால், நேரே என் வாய்க்குத்தான் போகும்.