காரணம் கேட்டு நாய் கொடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, துறைமுகக் களஞ்சியத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பியோன் என் மேசையடிக்கு வந்தான். "கதிர்காமத்தம்பி கிளாக்கர் விடியப்புறம் மோசம் போயிட்டாராம்" என்றான். ஒரு மாதமாக நெருப்புக் காய்ச்சலில் கிடந்தவர். ஆனாலும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். இரண்டு வருடமாக எங்களுக்குள் இருந்த ஒரு வாக்குவாதத்தைத் தீர்க்காமல் போய்விட்டாரே இந்த மனிதர்!

செத்தவீட்டில் ஊரவர்கள் நீங்கள் எல்லோரும் அவரை வாயில்லாச் சீவன்களின் தெய்வம் என்றீர்கள். நீங்கள் அவரைத் தெருவில் கண்டவர்கள். நான் ஒன்பது வருடம் அவருக்கு எதிர்க் கதிரையில் இருந்தவன். அவர் தெய்வமும் இல்லை, ஒன்றும் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர். நாயைத் தொட்டால் இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவார். அவரில் எனக்கு நிறைய மதிப்பு இருந்தது. அதனால்தான் இவ்வளவு எரிச்சலும்.

இரண்டு வருடத்துக்கு முன், வருஷப் பிறப்புக்குச் சில நாள் இருக்க, சண்டைப் பிளேன் வந்து குண்டு போட்டதும் பட்டினம் காலியானது உங்களுக்கு நினைவிருக்கும். வண்டியிலும் வள்ளத்திலும் சனம் கிளிவெட்டிக்கும் தோப்பூருக்கும் ஓடியது. சட்டி பானை ஏறியது, ஆடு கோழி ஏறியது, நாய்க்கு மட்டும் இடம் இருக்கவில்லை. பூட்டின வீடுகளின் வாசல் படலையடியில் அவை காத்துக் கிடந்தன. கதிர்காமத்தம்பி தனிக்கட்டை. வேலை விட்டதும் கயிற்றோடு தெருத் தெருவாகப் போய் அவற்றைத் தன் வளவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கடற்கரையில் கழித்த மீன் தலைகளையும் மிஞ்சின சோற்றையும் ஒன்றாக அவித்துப் போட்டார். நாற்றம் பொறுக்காமல் மூக்கில் சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் கிண்டுவார்.

சனம் வேலைக்குத் திரும்பியபோது ஒரு கதையும் கூடவே வந்தது. பிளேன் வருவது சைறனுக்கு முன்பே நாய்க்குக் கேட்டுவிடுமாம். குண்டு விழுந்த காலையில் எல்லாத் தெரு நாயும் குரைத்ததாம். பாண் ரொட்டி விற்க வருகிறவனைக் கண்டு அவை தினமும் காலையில் குரைக்கிறவைதான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஊரே அவர் படலைக்கு வந்தது. சிலர் தாங்கள் விட்டுவிட்டுப் போன நாயையே தாண்டிப் போய், காது பெரிய நாயாகப் பார்த்துக் கேட்டார்கள்.

அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: "நாய் என்னத்துக்கு?" சைறனுக்கு என்றவர்களைத் திருப்பி அனுப்பினார். "சைறனுக்கு எடுக்கிறவன் சண்டை முடிஞ்ச அண்டைக்கே விட்டிடுவான்" என்பது அவர் வாதம். கடைக் காவலுக்கு என்றவரையும் விடவில்லை. எங்கள் வேலையை மேற்பார்க்கிற ஓவசியர், "துரைமார் பின்னேரத்தில நாயோட நடக்கினம், நானும் ஒண்டு வைச்சிருந்தால் என்ன?" என்று கேட்டார். "அப்ப உமக்கு வேண்டியது தொப்பி, நாயில்லை" என்று இவர் சொல்ல, ஓவசியர் ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அறிவித்தல் ஒட்டினார்கள். விசர் பிடித்த நாய் கடித்துவிடும் என்ற பயம். கழுத்தில் அனுமதித் தகடு இல்லாத நாய்களைச் சனிக்கிழமை சுடுவார்களாம். ஒரு வீட்டுக்கு ஒரு தகடுதான். வளவில் பதினான்கு நாய்கள் நின்றன. நாலு நாள் இருந்தது. நான் இருந்த குவாட்டர்ஸில் நாய் வைக்க விடமாட்டார்கள்.

"கேட்கிறவனுக்கெல்லாம் குடுங்கோ அண்ணை" என்று கெஞ்சினேன்.

"காரணம் பிழையெண்டால் அது திரும்பவும் தெருவிலதான் நிக்கும்."

"நிக்கட்டும்! உயிரோட நிக்கட்டும்!"

"நீர் சும்மா இரும்" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. படலைக்கு வெளியே நின்று, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தேன். 'சைறன் எண்டு வாயே திறவாதையுங்கோ. பாவமாக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ.' மூன்றாவது ஆளும் அதே சொல்லைச் சொன்னபோது அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஆனாலும் கொடுத்தார். அப்படிப் பத்து நாய்கள் போயின. சொறி பிடித்த ஒன்றைத் தன் தகட்டில் வைத்துக்கொண்டார். மூன்று மிஞ்சின.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்னப்பிள்ளை அக்கா வந்தார். அடுத்த ஒழுங்கையில் கருவாடு விற்பவர். புருஷன் கப்பலில், கடிதம் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அவர் கேட்கவில்லை. "பொய் சொல்லி நாய் வாங்கி, அது எனக்குக் காவலோ?" என்றுவிட்டு நேரே உள்ளே போனார்.

"எனக்குப் பயம், கிளாக்கர். வீட்டில மூச்சு விடுற சத்தம் ஒண்டு வேணும். மூண்டையும் தாங்கோ, தகடு இல்லாட்டிலும் வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கிறன்."

"பயம் தெளிஞ்சால்?"

"தெளிஞ்சால் பாப்பம்."

"பாப்பம் எண்டு சொல்லுற ஆளுக்கு நாயில்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பொய்க்குப் பத்து நாய் குடுத்தது போதும்" என்றுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அந்த நாலு நாளில் உண்மை சொன்ன ஒரே ஆள் வெறுங்கையோடு போனார். சனிக்கிழமை காலை அந்த மூன்றையும் வேலியோரத்தில் வைத்துச் சுட்டார்கள்.

அதன் பிறகு நான் அவரை விடவில்லை. பொய் சொல்லி வாங்கின பத்தில் இரண்டுதான் மறுபடி தெருவுக்கு வந்தன. மற்ற எட்டும் இன்றைக்கும் வீடுகளில் இருக்கின்றன; ஒன்றுகூடப் பிளேனுக்குக் குரைத்ததில்லை, ஒருவரும் அதற்காக விரட்டவும் இல்லை. இதைத் தேத்தண்ணி நேரத்தில் எத்தனையோ தரம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பேனையைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு தரமாவது "ஓம், பிழை விட்டிட்டன்" என்று சொல்லியிருக்கலாம்.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு அன்று அவர் வீட்டுக் குசினியில் அன்னப்பிள்ளை அக்கா சமைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் மாதம் முழுவதும் இரண்டு நேரமும் கஞ்சி கொண்டுபோய்ப் பருக்கியது அவர்தான் என்று அப்போதுதான் அறிந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டேன்: "உங்களுக்கு நாய் தராமல் விட்ட மனிசன் அக்கா. ஏன் பாத்தனீங்கள்?"

"காரணம் பாத்துக்கொண்டு நிண்டால் கஞ்சி ஆறிப்போகும், தம்பி" என்றார். அகப்பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நானும் உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு அவர் உள்ளுக்குப் போயிட்டார். நீங்கள் படலையடியிலதான் நிண்டனீங்கள். படலைக்குப் பூட்டும் இல்லை, நாய்க்குக் கயிறுதான். ஏன் அவிட்டு என்னட்டத் தரேல்லை?"

அக்காவுக்கான பதிலை இங்கே சொல்கிறேன். சனிக்கிழமை வரட்டும், அப்போதாவது இந்த மனிதருக்குத் தன் பிழை விளங்கட்டும் என்றுதான் நின்றேன். நாய்கள் பிழைப்பதைவிட அவர் தோற்பது எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பின்னேரம் என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. அவர் திருப்பி அனுப்பின எல்லோருடைய காரணத்தையும்விட அது கேவலமானது.

அண்ணை, உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த மூன்று நாய்கள். இனி அந்தப் பழியை உங்கள் தலையில் மட்டும் போடமாட்டேன்.