பார்படோஸுக்கு ஒரு சிம்

செய்தி வந்தபோது மாலை நாலரை மணி. கொழுந்து நிறுத்து முடிந்து லொறி பெக்டரிக்கு ஏறிக்கொண்டிருந்தது. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையரைப் பார்க்கும் சுதாகரன், மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போனோடு வாசலுக்கு வந்தான். பேசியவர் பார்படோஸில் தம்பி கிஷாந்த் சமையல் வேலை பார்த்த ஹோட்டலின் அலுவலர். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். புரியவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னார்.

உடலைக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். அங்கேயே தகனம் செய்வதென்றால் வீட்டிலிருந்து ஒருவர் வர டிக்கெட்டையும் விசாவையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஹோட்டல்காரர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் அம்மா நாகலெட்சுமி, "எரிக்கட்டும்," என்றாள். "ஆனா எனக்கு முகத்தக் காட்டிட்டு எரிக்கணும். முகத்தப் பாக்காம எம்புள்ள போயிட்டான்னு நான் எப்பிடிய்யா நம்புறது?"

அப்பா இல்லாத வீட்டில் போக வேண்டியவன் சுதாகரன்தான். கட்டாருக்கு வேலைக்குப் போகவென்று எடுத்து, போகாமலே இருந்த பாஸ்போட் அவனிடம் இருந்தது. கொழும்பைத் தாண்டி எங்கும் போனவனல்ல. எதையும் இரண்டு தடவை பார்ப்பவன். கதவைத் தாழ் போட்டுவிட்டு இழுத்துப் பார்ப்பான். பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பான். டிரையரின் சூட்டுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று பெக்டரியில் அவனை வைத்திருந்தார்கள்.

தம்பியின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் விதிகளை ஹோட்டல்காரர்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள். உள்ளே குடும்பத்தவர் மட்டுமே போனில் முகத்தைக் காட்டலாம். வை-ஃபை கிடையாது. அவன் ஞாயிறு இரவு இறங்குகிறான், திங்கள் காலை எட்டு மணிக்குக் கால்மணி நேரம் தருவார்கள், அப்புறம் தகனம். அதற்குள் அங்கே ஒரு சிம் வாங்கக் கடை திறக்காது. அம்மா முகம் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அவன் சட்டைப்பையில் இருக்கும் போனைப் பொறுத்ததாகிவிட்டது.

ஹட்டனில் போன், சிம் விற்கும் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் தரணிதரனிடம் போனான்.

"இந்த சிம்முக்கு அங்க ரோமிங் இல்லண்ணே," என்றான் தரணிதரன். "இ-சிம்தான் போடணும், கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்துறது. போன் ஏத்துக்குமான்னு பாப்போம்."

போன வருடம் கிஷாந்த் புதிது வாங்கியபோது அனுப்பிவைத்த பழைய போன் அது. தரணிதரன் ஏதோ எண் அடித்ததும் திரையில் நீளமாக ஓர் இலக்கம் வந்தது. "இ-சிம் ஏத்துற போனுக்குத்தான் இந்த நம்பர் வரும். தப்பிச்சோம்."

பிறகு கணினியில் தேடினான். பார்படோஸுக்கு மட்டும் ஒன்று, கரீபியன் தீவுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒன்று.

"பிளேன் வேற தீவுல எறக்கி விட்டுட்டாங்கன்னா?" என்றான் சுதாகரன்.

"அப்ப பலதுக்கும் சேத்தே எடுப்போம்."

"அதுல பார்படோஸ் இருக்கா?"

"இருக்குண்ணே."

"எங்க, காட்டுங்க."

தரணிதரன் காட்டினான். சுதாகரன் விரல் வைத்துப் படித்தான். எழுந்து கதவு வரை போனவன் திரும்பி வந்து மறுபடி படித்தான். எப்போதிலிருந்து நாள் கணக்கு ஓடும் என்று கேட்டான். அங்கே போய்த் தொடர்பு கிடைத்த நேரத்திலிருந்து என்றான் தரணிதரன். தன் கார்டிலேயே வாங்கி, வந்த கியூஆர் கோட்டை போனில் ஏற்றிவிட்டு, தாளிலும் ஒன்று அடித்துக் கொடுத்தான்.

"இது டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது. வட்ஸ்அப் ஒங்க பழைய நம்பர்லயே ஓடும். நம்பர மாத்தவான்னு கேட்டா வேணாம்னு போடுங்க. அங்க எறங்கினதும் டேட்டா ரோமிங்க ஆன் பண்ணுங்க. அதுவரைக்கும் இங்க சிக்னல் காட்டாது, பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொல்லி யார் பயப்படாமல் இருந்திருக்கிறார்கள்? வீட்டுக்கு வந்ததும் அம்மா போனைப் பார்த்தாள். பழைய சிம்முக்குப் பக்கத்தில் புதியது சேவை இல்லை என்று காட்டியது.

"வேல செய்யலயா சுதா?"

"அங்க போனாத்தான் செய்யும்மா."

"அங்க போயும் செய்யலன்னா?"

அம்மாவின் தம்பி சிவசாமி மாமா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது என்ன மாப்ள, கையில புடிக்க முடியாத சிம்மு? சாமி மாதிரி இருக்குங்கிற, கண்ணுக்குத் தெரியல." யாரும் சிரிக்கவில்லை. அவரே தொடர்ந்தார். "கழட்டித் தொடச்சுப் போட்டுப் பாரு. வராத சிம்மா?"

மேகமூட்டம் மப்பாக இறங்கினால் சிக்னல் போய்விடும் மலை இது. சிம்மைக் கழற்றி, கட்டியிருக்கும் சாரத்தில் துடைத்து, ஊதிப் போடுவது தோட்டத்து வரிசை வீடுகளான எல்லா லயங்களிலும் நடக்கிற வைத்தியம். பாதிநேரம் பலிக்கவும் செய்யும். தரணிதரன் சொன்னது சுதாகரனுக்கு நினைவிருந்தது. ஆனால் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியால் துடைக்க முடியாததைத் துடைக்க வழி ஒன்றுதான் தெரிந்தது. நீக்கு என்றிருந்த இடத்தை அழுத்தினான். நிச்சயமா என்று போன் கேட்டது. அதையும் அழுத்திவிட்டு, தாளிலிருந்த கோட்டைப் பிடித்தான். இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. விளக்கருகே கொண்டுபோய்ப் பிடித்தான். அதே பதில்.

"வந்திருச்சா?" என்றாள் அம்மா.

"வரும்," என்றான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகிற வேனை ஹட்டனில் கடை வாசலிலேயே நிறுத்தினான். மாமாவும் கூட வந்திருந்தார். தரணிதரன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"தொடைக்க அதுல என்னண்ணே இருக்கு? ஒரு கோட ஒரு தடவதான் ஏத்தலாம்."

"வேற ஒண்ணு வாங்க முடியாதா?"

"நேத்து வாங்கினதோட என் கார்டுல காசு முடிஞ்சிருச்சு. இருங்க, அவங்களுக்கே எழுதிப் பாப்போம்."

விற்றவர்களின் உதவிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினான். காத்திருக்கவும் என்று வந்தது. வேன்காரர் ஹோர்ன் அடித்தார். மாமா இறங்கிப் போய், "சாவு வீட்டுக்காரங்கப்பா, செத்த பொறு," என்று கெஞ்சினார். திரும்பி வந்து மருமகனிடம், "நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்," என்றார். சுதாகரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று புள்ளிகள் வருவதும் மறைவதுமாக இருந்தன. யாரோ எழுதுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள். ஹோர்ன் திரும்பவும் ஒலித்தபோது புதிய கோட் வந்தது.

ஏற்றினார்கள். மறுபடியும் சேவை இல்லை என்றே காட்டியது. "இனி கைய வைக்காதீங்க," என்றான் தரணிதரன். வேனிலும், விமானம் மாறிய இரண்டு இடங்களிலும், முட்டையைக் கொண்டுபோகிறவன் போலப் போனைப் பையில் வைத்தபடி போனான். சரியா தவறா என்று சோதிக்கவும் வழியில்லை. தூக்கம் வரும்போதெல்லாம் அம்மாவின் கேள்விதான் வந்தது: அங்க போயும் செய்யலன்னா?

பார்படோஸில் இறங்கியதும் ரோமிங்கை ஆன் பண்ணினான். ஒன்றும் வரவில்லை. குடிவரவு வரிசையில் நின்றபடி ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணினான். வரிசை நகர்ந்து, பாஸ்போட்டை நீட்டுகிற நேரத்தில் சிக்னல் கோடுகள் எழுந்தன. "எறங்கிட்டேன்மா," என்று எழுதினான். அதன் கீழே ஒற்றைச் சரிக்குறி வெகுநேரம் ஒற்றையாகவே நின்றது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது இரண்டாகியிருந்தது.

காலையில் மலர்ச்சாலையில் ஓர் ஊழியர் அவனை உள்ளே அழைத்துப் போனார். அழைப்பை எடுத்தது மாமா. லயத்தில் அப்போது மாலை, வாசலெல்லாம் ஆட்கள். போன் அம்மாவின் கைக்கு மாறியது. சுதாகரன் தன் போனைத் திருப்பித் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அம்மா அழவில்லை. நெடுநேரம் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது.

"தெரியுதாம்மா?"

"தெரியுது. அவந்தான்." பிறகு சொன்னாள்: "தலய ஏன்யா பின்னால தள்ளி வாரியிருக்காங்க? அவன் நெத்தியில விழுற மாதிரில்ல விட்டிருப்பான். எடுத்து விடு சுதா."

ஏதோ களிம்பு போட்டு இறுக்கி வாரியிருந்தார்கள். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வலது கை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து முன்னால் எடுத்தான். "ஆமா, அப்பிடித்தான்," என்றாள் அம்மா. "அந்தப் பக்கமும்." அவன் மறுபக்கம் சுற்றி வருவதற்குள் ஊழியர் தோளைத் தொட்டார், நேரம் முடிந்துவிட்டது. வலப்பக்க முடி நெற்றிக்கு வந்திருந்தது. இடப்பக்கம் அவர்கள் வாரியபடியே இருந்தது.