ஆக்ஸிலியாவின் காலைக் கேள்வி

காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, ஆக்ஸிலியா இன்றும் அதே கேள்வியைத் தட்டுகிறாள்: பாம்புக்கடி மருந்து எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குப்பி இருக்கிறது? கண் மூடித் திறப்பதற்குள் திரையில் பதில் வந்துவிடுகிறது. கடிபட்டவர் யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் பேரிக்காய் மரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிகிறது. பதில் வந்த பிறகும் அவள் எழுந்திருப்பதில்லை. காபி ஆறிக்கொண்டிருக்கிறது.

"ஏம்மா, சூடாக் குடிக்கத்தானே போட்டுத் தர்றேன்? தெனம் பச்சத்தண்ணியாக் கெடக்கு" என்பான் அவள் கணவன் பென்சன். கொடைக்கானலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வெள்ளனே எழுந்து காபி போடுவது அவன் சோலி. அவள் இரு என்று ஒரு கையை உயர்த்துவாள்.

நாற்பத்து மூன்று வயது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போடுவாளே தவிர ஹீட்டர் வாங்கமாட்டாள். அது கரண்டை இழுத்து இன்டர்நெட்டை அணைத்துவிடும் என்று பயம். ஊருக்கு அவள் இன்னும் கம்ப்யூட்டர் டீச்சர்தான். பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினோரு வருடமாகிறது. இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. நூற்று இருபது வாடிக்கையாளர்களின் ஆஸ்பத்திரித் தகவல்கள் கிளவுடில் ஒரே கிடங்கில் குடியிருக்கின்றன. ஒரே தண்ணீர்த் தொட்டியிலிருந்து பல வீட்டுக்குக் குழாய் போவது மாதிரிதான்: முதல் வீட்டில் முழுக்கத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டும். எங்கே சொட்டுகிறது என்று தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்ய ஒரு புரோகிராம் இருக்கிறது. கம்பெனி வைத்த நீளமான பெயர் அவள் வாயில் நுழையாது. "வாட்ச்மேன்" என்பாள். "நல்லவன்தான். ஆனா சத்தம் போடுற வீட்டுக்குத்தான் ஓடுவான்."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில் வாட்ச்மேன் அவளிடம் அனுமதி கேட்டது: இந்த இண்டெக்ஸைத் தொண்ணூறு நாளாக யாரும் தொடவில்லை, எடுத்துவிடலாமா? புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று போட்டிருப்பார்களே, அதுதான் இண்டெக்ஸ். இருந்தால் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் முதலிலிருந்து புரட்ட வேண்டும். சும்மா கிடந்தாலோ மற்ற வேலைகளைத் தாமதமாக்கும். அவள் சரி என்று அழுத்தினாள். அது பாம்புக்கடி மருந்தைத் தேடுகிற இண்டெக்ஸ், எந்த மாதத்துச் சாமான் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பனிக்காலம் முழுக்க அடங்கிக் கிடப்பவை மழைக்குத்தான் வெளியே வரும் என்பது மலையில் பிறந்தவளுக்குத் தெரியாததா?

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. பெரும்பாறைப் பக்கம் காபித் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த ஜக்கம்மாளுக்குக் கணுக்காலில் கடி. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்திருந்தது. போன் டவர் மழையில் செத்துக் கிடக்க, நர்ஸ் ராஜேஸ்வரி கேபிள் லைனை நம்பித் திரையில் கேட்டாள். நாலு நிமிடம் சக்கரம் சுற்றி, கடைசியில் 'மீண்டும் முயலவும்' என்று வந்தது. இனியும் பொறுக்கமுடியாமல் ஜீப்பை மலையின் ஒரு பக்கமாக இறக்கினார்கள். மருந்து இருந்தது மறுபக்கம். ஜக்கம்மாள் திரும்பி வரவில்லை.

வாட்ச்மேன் அன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டோக்கன் பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தது. அங்கே பல்லாயிரம் தடவை அரை நொடி தாமதம். இங்கே ஒரே ஒரு தடவை நாலு நிமிடம். அதன் கணக்கில் இது ஒரு குறையாகவே ஏறவில்லை.

மூன்றாம் நாள் புகார்ப் பக்கத்தில் ஒரு வரி வந்தது: 'மருந்து தேடினால் லேட் ஆகிறது.' ஆக்ஸிலியா போன் செய்தாள். ராஜேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். ஆக்ஸிலியா தன் தவற்றைச் சொன்னதும், "நீங்க வேணும்னா செஞ்சீங்க? எந்தப் பக்கம் எறங்கறதுன்னு தெரியாம நின்னோம்க்கா, அவ்வளவுதான்" என்றாள் ராஜேஸ்வரி. ஏசியிருந்தால் தேவலை என்று ஆக்ஸிலியாவுக்கு இருந்தது.

இண்டெக்ஸை அன்றே திரும்பப் போட்டாள். எடுக்கக்கூடாதவை என்ற பட்டியலில் சேர்த்தாள். வாட்ச்மேனின் புதுப் பதிப்பு வந்தபோது பட்டியலே காணோம். மறுபடி சேர்த்தாள், மறுபடி காணோம். அதிலிருந்துதான் இந்தக் காலைக் கேள்வி. தினமும் ஒருவர் தொட்டுக்கொண்டிருந்தால் அதை எடுக்க வாட்ச்மேனுக்குத் தோன்றாது. "தானா கேக்குற மாதிரி ஒண்ணு எழுதி வச்சிரலாமே மேம்" என்றான் அவளுடைய மேலாளன் முத்துராஜ். "அது நின்னுபோனா யாருக்குத் தம்பி தெரியும்?" என்றாள்.

போன வாரம் அவன் வீடியோவில் வந்து, ஒன்றாம் தேதி முதல் அனுமதி பட்டன் கிடையாது, வாட்ச்மேனே முடிவு செய்யும் என்றான்.

"அப்ப அந்தத் தொண்ணூறு நாளை ஒரு வருசமாக்குங்க தம்பி. ஒரு மழை, ஒரு பனி முழுசாச் சுத்தி வரட்டும். அப்பவும் யாரும் தொடலைன்னா எடுங்க."

"நூத்தி இருபது கஸ்டமர் இருக்காங்க மேம். ஒரு ஆளுக்காக எல்லாருக்கும் ஸ்லோ ஆகக்கூடாதுல்ல?"

ஆக்ஸிலியா அவனிடம் ஜக்கம்மாளைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னாள். "நான்தான் அழுத்தினேன்" என்றும் சொன்னாள். முத்துராஜ் மேலே கேட்கிறேன் என்று வைத்துவிட்டான்.

இன்று ஒன்றாம் தேதி. மேலேயிருந்து பதில் இல்லை. பட்டன் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது, பதினேழு ஊரும் குப்பிக் கணக்குமாக. போன் அடிக்கிறது, ராஜேஸ்வரி. பட்டன் போகப்போவதையும் காலைக் கேள்வியையும் ஆக்ஸிலியா நேற்று அவளிடம் சொல்லியிருந்தாள்.

"அக்கா, நானும் கேட்டுட்டேன். வெரசா வந்துருச்சு. இனிமே நாங்களும் தெனம் கேப்போம். நீங்க காச்சல்ல படுத்தாலும் கவலப்படாதீங்க."

ஆக்ஸிலியா சரிம்மா என்று மட்டும் சொல்லிப் போனை வைக்கிறாள். பென்சன் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறான். "சூடு பண்ணித் தரவா?"

அவள் கையை உயர்த்துகிறாள். கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது. பதில் வந்து அந்த நாலு நிமிடம் முழுசாக ஆனதும் டம்ளரை எடுத்து, ஆறிய காபியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கிறாள்.