டிராயரில் இருந்த சின்ன போர்டு

இந்த ஜவ்வாது மலைமேல் முதல் செல்போன் கடை வைத்தவன் நான். ஐந்தாவதோடு நின்றவன். போளூரில் ரேடியோ கடை கூட்டிப் பெருக்கி, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். நான் கை வைத்துப் பிழைக்காத போன் கிடையாது. ஒன்று செத்தது. அது நான் கை வைக்காததால் செத்தது.

காவலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி பட்டன் போன் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெளியூர் வேலைக்குப் போய் அங்கேயே இறந்த அவள் புருஷன் அனுப்பிய மெசேஜ்கள் அதில் இருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுத்தவரைப் படிக்கச் சொல்லக் கூச்சம்.

"இப்பதாங்க எம் பொண்ணு எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. அதுக்குள்ள ஸ்கிரீன் போயிடுச்சி. அவரு இன்னா எழுதினாருன்னு ஒரு வாட்டி கேட்டுட்டா போதும்."

அந்தப் போனுக்கு டிஸ்ப்ளே இனிமேல் கிடைக்காது. பழைய கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் சீரியல் சாக்கெட்டில் இணைத்து மெசேஜை எடுக்கலாம். ஆனால் அந்த சாக்கெட் தள்ளுவது பன்னிரண்டு வோல்ட். போன் தாங்குவது மூன்று. நடுவில் வோல்டைக் குறைக்கிற போர்டு இல்லாமல் கொடுத்தால் கருகிவிடும். நானே சால்டர் வைத்துச் செய்த போர்டு டிராயரில் இருந்தது. எடுக்கத்தான் டிராயரைத் திறந்தேன்.

அன்று கடைக்கு என் மருமகன் வந்திருந்தார். இன்ஜினியர். என் மகளைக் கட்டிய நாளிலிருந்து என்னைத் திருத்துவதே அவருக்கு வேலை.

"நகருங்க மாமா. இது நீங்க நோண்டுற ரேடியோ இல்ல. மூணு வயரு, கம்ப்யூட்டர்ல சொருகினா முடிஞ்சிது."

"நேராவா மாப்ள?"

"பின்ன, செங்கம் சுத்திப் போய்ட்டு வரணுமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் டிராயரை மூடினேன்.

"படிச்சவரு சொன்னா சரிதான். செய்ங்க."

அவர் திருகாணிகளைக் கழற்றிப் போனைத் திறந்தார். மூன்றாவது வயரைத் தொட்டதும் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. மருமகன் பட்டனை அழுத்தினார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார். வேர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. நான் நாற்காலியில் சாய்ந்து முழுசாகப் பார்த்தேன். அப்படி ஒரு விருந்தை எந்தக் கல்யாணத்திலும் நான் சாப்பிட்டதில்லை. அப்புறம்தான் போர்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது நடுவுல இருக்கணும் மாப்ள. காலேஜ்ல சொல்லித் தரலியா?"

அவர் தலை நிமிரவில்லை. அந்தப் பெண் போர்டைப் பார்த்தாள், டிராயரைப் பார்த்தாள்.

"இது மொதல்லயே உங்ககிட்ட இருந்திச்சாங்க?"

"இருந்திச்சி."

"தெரிஞ்சேவா வுட்டீங்க?"

திறந்து கிடந்த போனை முந்தானையில் அள்ளிக்கொண்டாள். மேசையில் தடவித் தடவித் திருகாணிகளைப் பொறுக்கினாள். ஒன்று குறைந்தது. அது என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

மருமகன் அதற்குப் பிறகு என்னைத் திருத்தியதே இல்லை.