வேல்விழி கட்டிய தீக்கம்பு

வேல்விழிக்கு ஷாஹிதாவைக் கண்டாலே வயிறு எரியும். விருதுநகர் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள் வேல்விழி. இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் டெய்லர்கள், அடுத்தடுத்த லைன் வீடு. ஆனால் எல்லார் வாயிலும் ஷாஹிதா பெயர்தான்.

வீடுகளுக்குப் பின்னால் பொட்டல் காடு. கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். 2006இல் குடியிருந்தவர்கள் கூடி வீடுகளை ஒட்டியிருந்த புல்லைச் செதுக்கினார்கள். வீட்டுக்கு ஒரு தீக்கம்பும் கட்டச் சொன்னார்கள். கம்பு நுனியில் வேஸ்ட் துணியைக் கட்டி, நனைத்து, தீயின் மேல் அடிக்க வேண்டும்.

ஷாஹிதா அழுக்கு வெள்ளைப் பருத்தித் துணியைக் கட்டினாள்.

"இதுக்கும் அவளைத்தான் தலையில தூக்கி வச்சு ஆடுவாக" என்று முணுமுணுத்த வேல்விழி, பளபளக்கும் சிவப்பு பாலியெஸ்டர் துணியைத் தேடி எடுத்து வந்து பூச்செண்டு மாதிரி கட்டினாள். நாளெல்லாம் துணி தைக்கிறவளுக்கு எந்தத் துணி தண்ணீர் குடிக்கும் என்று தெரியாதா? தெரியும். அன்றைக்கு அவள் கண்ணுக்கு நிறம்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு மதியம் காட்டில் தீப்பிடித்தது. வேல்விழிதான் முதலில் ஓடினாள். செண்டில் தண்ணீர் நிற்கவில்லை. நாலு அடி அடிப்பதற்குள் துணி உருகி, எரிந்தபடியே சொட்டியது. ஷாஹிதா தன் கம்பை அவள் கையில் திணித்துவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினாள். தீ அடங்கும்வரை வேல்விழி வெறி பிடித்தவள் போல் அடித்தாள்.

கை கொப்பளித்து, முகமெல்லாம் கரியாக நின்றவளிடமிருந்து லைன் வீடுகளின் சொந்தக்காரர் கம்பை வாங்கினார். நுனியிலிருந்த வெள்ளைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க ஷாஹிதா, உங்க கம்பு இல்லீன்னா இன்னிக்கு நம்ம ஊடெல்லாம் போயிருக்குமுங்க!"