அவள் கையொப்பமிட வேண்டிய இடம்

அவரைத் தெலுங்கு சிஸ்டர் என்றே அழைத்தோம். ராமச்சந்திராபுரத்தில் எங்கள் தொழிற்சாலை டவுன்ஷிப் மருத்துவமனையில் செவிலியர். பேசுமுன் மார்பில் குத்திய கடிகாரத்தைப் பார்ப்பது அவர் வழக்கம்.

எங்களுக்கு ஏற்கெனவே ஒரு மகள்; என் மனைவிக்கு அடுத்த பிள்ளை, ஆறாம் மாதம். அவளுடைய இதயம் பிரசவத்தைத் தாங்காது, கருவைக் கலைத்தால்தான் பிழைப்பாள் என்றார் மருத்துவர். அசையும் உயிரைப் போக்குவது பாவம் என்றார் என் தமையனார். வராந்தாவில் நெடுநேரம் வாதிட்டபின், குவார்ட்டர்ஸ் விண்ணப்பத்தில் செய்வதைப்போல, சம்மதப் படிவத்தில் அவளுக்குரிய இடத்திலும் நானே கையொப்பமிட்டேன்.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரமா அண்ணன் தம்பி பாவ புண்ணியம் பேசினீங்க. அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இது அவங்க கையெழுத்துப் போடற இடம் அண்டி!" என்று புதிய படிவத்தை நீட்டினார். அதை வார்டுக்குள் மனைவியிடம் கொண்டுபோனேன்.

"காலைலகூட உதைச்சுதுங்க," என்று மனைவி அழுதாள். பிறகு, "பெரியவளுக்கு அம்மா வேணும்," என்று தானே கையொப்பமிட்டாள்.

"இது பாவமா, சிஸ்டர்?" என்றேன்.

"எனக்குத் தெலீது சார். அவங்க கண் முழிக்கறப்போ பக்கத்துல இருங்க."

எல்லாம் முடிந்த நான்காம் நாள், நான் அரைத்துக் கொண்டுபோன சட்னியில் உப்பில்லை என்று மனைவி கடிந்துகொண்டாள். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றுமுதல் எந்தப் படிவத்திலும் அவளுக்குரிய இடத்தை நான் தொட்டதில்லை. சிஸ்டரின் சொந்தத் தீர்ப்பு என்னவென்பது மட்டும் இன்றுவரை எனக்குப் புலப்படவில்லை.